கிளினிக் அட்டையில் விடுபடும் திகதி

ஆசிரியர் அவர்களுக்கு,

சோதனைக்குழாய்க் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக (உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கிக் கருப்பையில் வைப்பது) யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போய்வந்த தாய்மார் சிலர், மல்லாவியிலோ முல்லைத்தீவிலோ கிளினிக்கில் பதியும்போது அதைச் சொல்வதில்லை. ஊர் வாய்க்குப் பயம். அப்படிப் பிறக்கிற பிள்ளை சுகமில்லாமல்தான் இருக்கும் என்ற கதை இன்னும் ஓயவில்லை.

1978 இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுண், பின்னாளில் சிகிச்சை எதுவுமின்றித் தாயானவர். பிறவிக் குறைபாடு பொதுவாக நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 3 பேருக்கு என்றால், இந்தச் சிகிச்சையால் பிறப்பவர்களில் ஏறத்தாழ 4 பேருக்கு. அந்தக் கூடுதலிலும் ஒரு பங்கு பெற்றோரின் வயதாலும், பிள்ளை தங்காமல் இருந்த காரணத்தாலுமே வருகிறது.

உண்மையான ஆபத்து இரட்டைக் கருவில்தான். இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 கிழமைக்கு முன்னரே பிறந்துவிடுகிறார்கள், நிறையும் 2.5 கிலோவுக்குக் கீழே நின்றுவிடும். இளவயதுப் பெண்ணுக்கு நல்ல கரு கிடைத்திருந்தால் ஒன்றை மட்டும் வைத்து, மிச்சத்தை உறையவைப்பதே பிள்ளைக்கு நல்லது. இலட்சக்கணக்கில் செலவழித்தவர்கள் "இரண்டாய் வையுங்கோ" என்றுதான் கேட்பார்கள். வைத்தியர் மறுத்தால் கோபிக்க வேண்டாம்.

சிகிச்சையை மறைத்தால் கெடுவது நாட்கணக்கு. கடைசி மாதவிலக்கை வைத்து எண்ணினால், உறைந்த கரு வைத்தவருக்குக் கணக்குப் பிசகலாம். விலக்கு ஒழுங்கில்லாதவருக்குக் கிழமைக்கணக்கிலும் பிசகும். ஐந்தாம் நாள் கரு (கருக்கட்டி ஐந்து நாள் வளர்ந்தது) என்றால் வைத்த திகதியோடு 261 நாள், மூன்றாம் நாள் கரு என்றால் 263 நாள் கூட்ட வேண்டும். சாதாரண வருடத்தில் ஜனவரி 10 இல் ஐந்தாம் நாள் கரு வைத்தால் பிரசவத் திகதி செப்ரெம்பர் 28. குறைமாத நோவு வந்தால், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீரொயிட் ஊசி பெரும்பாலும் 34 கிழமைக்குள் போடப்படுவது. 33 கிழமைக் கருவை 35 என்று எண்ணியிருந்தால் அந்த ஊசி தவறிப்போகும். ஆகவே கரு வைத்த திகதி, அது எத்தனையாம் நாள் கரு, எத்தனை வைத்தார்கள் என்ற மூன்றையும் முதற் கிளினிக்கிலேயே அட்டையில் எழுதுவியுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியே சொன்னாலும் போதும்.

எட்டுக் கிழமை முந்திப் பிறந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் உட்காரவில்லையே என்று பதறவும் வேண்டாம்; வளர்ச்சிக் கணக்கில் அதற்கு நாலு மாதந்தான். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்தே பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது, பிறந்த திகதிப்படியே போடவேண்டும்.

தாய் சேய் நலப் பணியாளர்கள்,
கிளிநொச்சி