ஓக் ரோட் வாசலால் போன கதை

அன்புள்ள தம்பி,

போன கிழமை போனில் "லீட்ஸில் ஒருத்தரையும் தெரியாது அம்மா, சனிக்கிழமை வந்தால் படுத்துக் கிடக்கிறேன்" என்றாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் புத்தி சொன்னால் நீ "சரி சரி" என்று வைத்துவிடுவாய், எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் விம்பிள்டன் உதைபந்தாட்ட அணி உனக்குப் பக்கத்து ஊரான பார்ன்ஸ்லிக்கு விளையாடப் போகும்போது நானும் தங்கச்சியும் வருகிறோம். நீயும் வா. அங்கே லீட்ஸ் பக்கத்துப் பெடியள் யாரோடும் உள்ளூர்ப் பக்கத்தில் போய் இருக்காமல், எங்களோடு வெளியூர் அணியின் ஆட்களுக்கு ஒதுக்கிய ஸ்டாண்டில் வந்து நில்.

அம்மாவுக்கு எப்போது உதைபந்தாட்டப் பைத்தியம் பிடித்தது என்று நினைப்பாய். பைத்தியம் இல்லை. நீ இங்கே இருந்தபோது நீயும் அப்பாவும் போவீர்கள், நான் வீட்டில் புட்டு அவித்துக்கொண்டிருப்பேன். நீ போன பிறகு உன் இடத்துக்குத் தங்கச்சி போனாள். வெளியூர் ஆட்டம் என்றால் அப்பா வரமாட்டார். தோற்றுப்போனால் அந்தத் துக்கத்தோடு இரவு ரெயினில் வீடு வந்து சேர வேண்டும், அது தன்னால் ஏலாது என்பார். பொம்பிளைப் பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நான் வெளிக்கிட்டேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது, நான் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

2025 ஓகஸ்ட் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, விம்பிள்டனுக்கு லூட்டனில் ஆட்டம். ஹேடன்ஸ் ரோட்டில் தேம்ஸ்லிங்க் ரெயின் ஏறி, இடையில் மாறி, லூட்டனில் இறங்கி நடந்தோம். நான் நினைத்துக்கொண்டு போனது வேறு. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த தொண்ணூறுகளில் ஆட்டம் நடக்கிற நாளில் மைதானத்துப் பக்கம் எங்கள் சனம் போகாது. தலையில் மொட்டை, கையில் பியர், வாயில் தூஷணம் என்று பயந்து அடுத்த தெருவால் சுற்றிப் போவோம். உதைபந்தாட்டத்தில் நிறவெறிக்கு எதிரான இயக்கத்தை 1993 இல் தொடங்கினார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். அதற்கு முதல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

ஆனால் லூட்டன் மைதானம் இருப்பது பெரி பார்க் என்ற பகுதியில். பாகிஸ்தான், வங்காளதேசச் சனம் நிறைய இருக்கிற இடம். தெரு முழுக்க நகைக்கடை, துணிக்கடை, இறைச்சிக்கடை, கொத்தமல்லிக்கட்டு. எங்களோடு ரெயினில் வந்த விம்பிள்டன் ஆட்கள் வழி தேடித் தடுமாற, நான் லண்டனில் எங்கள் சனம் நிறைய இருக்கிற டூட்டிங்கில் நடக்கிற மாதிரி நடந்தேன். ஒரு கடையில் பாகிஸ்தான் மாம்பழப் பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். விட மனமில்லை, வாங்கினேன். பிறகுதான் தங்கச்சி, இதை மைதானத்துக்குள் விடமாட்டார்கள் என்றாள். கடைக்காரர் எந்த அணி என்று கேட்டார். எதிர் அணி என்றேன். சிரித்துவிட்டு, "முடிந்ததும் வாங்கோ, கடை பூட்டியிருக்காது" என்று பெட்டியைத் தன் கதிரைக்குக் கீழே தள்ளி வைத்தார்.

அந்த வாசலை நீ பார்த்திருக்கிறாயோ தெரியாது. 1905 இல் இருந்து லூட்டன் விளையாடுகிற கெனில்வேர்த் ரோட் மைதானத்தில் வெளியூர் ஆட்களுக்கான வழி ஓக் ரோட்டில் இருக்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை. ஒரு வீட்டின் கதவு இருக்க வேண்டிய இடத்தில் மைதானத்து வாசல். உள்ளே போய் இரும்புப் படியில் ஏறினால் கீழே அயலவரின் பின்வளவு தெரிகிறது. உடுப்புக் காயப்போடும் கொடி, பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள், வாடிய தக்காளிச் செடி. எங்களுக்கு எதிராகக் கத்தப்போகிறவர்களின் வளவைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மேலே ஏறினோம். இப்போது நகரத்து நடுவில், பவர் கோர்ட்டில், புது மைதானம் கட்டுகிறார்கள். அது எழும்பினால் இந்த வாசல் இருக்காது. நல்ல கழிப்பறை வரும், அது வேண்டியதுதான். பெண்களுக்கு அந்த ஸ்டாண்டில் இருக்கிற வசதியைப் பற்றி உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

பைகளைப் பார்த்தது முக்காடு போட்ட ஒரு சின்னப் பிள்ளை. என் பையில் இருந்த வடையை எடுத்து மணந்து பார்த்து, "ஆன்ரி, இது பரவாயில்லை" என்று திருப்பித் தந்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும்போது தங்கச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். இதே மைதானத்துக்குள் ஒரு காலம் வெளியூர் ஆட்களை விடவே இல்லையாம். 1985 மார்ச்சில் எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்துக்கு வந்த, லண்டன் மில்வோல் அணியின் ஆட்கள் கதிரைகளைப் பிடுங்கி எறிந்து, பொலிசோடு அடிபட்டு, தெருவில் வீடுகளையும் உடைத்துவிட்டார்கள். அதோடு லூட்டன் கழகம், அங்கத்துவ அட்டை இல்லாத ஒருவரும் வரக்கூடாது என்று முடிவெடுத்தது. 1986 இல் தொடங்கி நான்கு சீசன். வெளியூர் ஆட்களை ஏற்க மறுத்ததற்காக லீக் கிண்ணப் போட்டியில் இருந்தே அவர்களை ஒரு வருடம் விலக்கினார்கள். தாட்சர் அரசாங்கம் இதைப் பார்த்து நாடு முழுக்க அட்டை கொண்டுவரச் சட்டமே போட்டது. 1989 இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அவ்வளவு சனம் நெரிபட்டுச் செத்த பிறகு, 1990 இல் டெய்லர் நீதிபதியின் அறிக்கை அந்த அட்டைத் திட்டத்துக்கு எதிராக வந்தது, அதைக் கைவிட்டார்கள்.

வீட்டை உடைக்க வந்தவர்களைத் தடுத்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஓக் ரோட்டில் எனக்கு ஒரு வீடு இருந்திருந்தால் நானும் பூட்டு என்றுதான் கத்தியிருப்பேன். ஆனாலும் எதிரணிச் சனம் இல்லாத ஆட்டத்தை நினைத்துப் பார். எல்லாரும் ஒரே பக்கம் கத்துவார்கள், கோல் வாங்கினால் மைதானமே செத்த வீடாகிவிடும்.

உள்ளே எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூலை. கதிரைக்கு இலக்கம் இருக்கிறது, ஆனால் ஒருவரும் இருப்பதில்லை. தொண்ணூறு நிமிடமும் நிற்கிறார்கள், கூரையைத் தாங்குகிற தூண் வேறு கண்ணை மறைக்கிறது. என் முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும். முன்னால் நின்ற ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கரையில் இருந்த தன் இடத்தைக் காட்டி அங்கே இருக்கச் சொன்னார். அங்கிருந்து தூண் மறைக்காது. பிறகு அவரும் மனைவியும் என் வடையைச் சாப்பிட்டார்கள். மோதகம் செய்வது எப்படி என்று அந்த அம்மாவுக்கு இடைவேளையில் விளங்கப்படுத்தினேன். எங்கள் சொந்த மைதானமான பிளவ் லேனில் எங்கள் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இவ்வளவு காலத்தில் "ஹலோ" வுக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. சொந்த மைதானத்தில் எல்லாருக்கும் தங்கள் தங்கள் கூட்டம் இருக்கிறது. வெளியூர் மூலையில் எல்லாருமே வெளியாட்கள், எல்லாரும் காசும் ஒரு நாளும் செலவழித்து வந்தவர்கள், சுற்றி நிற்கிற ஆயிரக்கணக்கான சனத்துக்கு எல்லாரும் ஒரே மாதிரி எதிரிகள். அதனால் பேசுகிறார்கள். லீட்ஸில் தனியே கிடக்கிற உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான், தம்பி. ஒரு ஊரில் ஆள் பிடிக்க வேண்டுமானால் அந்த ஊர் அணியோடு வேறு ஊருக்குப் போ. உள்ளூர் ஆட்டத்தில் உனக்குப் பக்கத்தில் ஒரு கதிரைதான் இருக்கும்.

தூஷணம் இல்லை என்று சொல்லவில்லை. நிறையவே இருந்தது, இரண்டு பக்கமும். சில பாட்டுகளின் அர்த்தத்தைத் தங்கச்சி எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள். ஆனால் அது ஆளைப் பார்த்து வருவதில்லை, நிறத்தைப் பார்த்தும் வரவில்லை. அப்படி ஒன்று காதில் விழுந்திருந்தால் நான் எழும்பி வந்திருப்பேன்.

லூட்டன் ஆட்களுக்கு எங்களில் கொஞ்சம் கோபம் இருக்க வேண்டும். 2011 மே மாதம் இங்கிலாந்து லீக்குக்கு ஏறுவதற்காக மான்செஸ்டரில் நடந்த இறுதி ஆட்டம், நீ அப்பாவோடு போனாயே, அது இவர்களோடுதான். கோல் இல்லாமல் முடிந்து, எங்கள் கோல்காப்பாளர் செப் பிரவுண் இரண்டு பெனால்டியைப் பிடித்து, எங்கள் டானி கெட்வெல் கடைசியை அடித்து, 4-3. எங்கள் அணி லீக்குக்குள் போனது. அவர்கள் இன்னும் மூன்று வருடம் வெளியே நின்றார்கள். எங்கள் மூலையில் நின்ற ஒருவர் எங்கள் கழகத்தின் கதையை எனக்குப் புதிதாகச் சொன்னார், நான் கேள்விப்படாதவள் மாதிரிக் கேட்டேன். 2002 இல் பழைய விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோகச் சம்மதம் கொடுத்ததும், ஆதரவாளர்கள் புதுக் கழகம் தொடங்கி விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும், ஒன்பதே வருடத்தில் மேலே வந்ததும், 2020 இல் பிளவ் லேனுக்குத் திரும்பியதும் எல்லாம் சொன்னார். நாட்டில் இருந்து வெளிக்கிட்ட எங்களுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லூட்டனும் பாவம், 2023 இல் முதல் பிரிவான பிரீமியர் லீக்குக்கு ஏறி, அடுத்தடுத்து இரண்டு வருடம் இறங்கி, 2025 இல் எங்களோடு மூன்றாம் பிரிவான லீக் வன்னுக்கு வந்துவிட்டார்கள்.

தோற்றோம். ஒன்றுக்குப் பூச்சியம். முடிந்த பிறகும் எங்கள் மூலை கைதட்டிக்கொண்டு நின்றது, விளையாடினவர்கள் எங்கள் பக்கம் வந்து பதிலுக்குக் கைதட்டினார்கள். தோற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு கைதட்டல் என்று தங்கச்சியிடம் கேட்டேன். "வந்ததுக்கு" என்றாள். யார் வந்ததற்கு என்று அவள் சொல்லவில்லை. மாம்பழம் வாங்கப் போனபோது கடைக்காரர் ஸ்கோர் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பழம் பைக்குள் போட்டார்.

சரி, பார்ன்ஸ்லி. லீட்ஸில் இருந்து நேரே ரெயின் இருக்கிறது, ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. ரிக்கெற் நீ பார்ன்ஸ்லிக் கழகத்தின் இணையத்தளத்தில் எடுக்காதே, உள்ளூர்ப் பக்கம் விழுந்துவிடும். அங்கே எங்கள் அணியின் நீலமும் மஞ்சளும் போட்டுக்கொண்டு இருந்தால் எழுப்பி விடுவார்கள். எங்கள் கழகத்துக்கு ஒதுக்குவதில் தங்கச்சி மூன்று எடுப்பாள். பார்ன்ஸ்லியின் ஓக்வெல் மைதானத்தில் எங்கள் பக்கம் வடக்கு ஸ்டாண்ட், வாசலில் நில். ஷேர்ட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டு வா, ஸ்டேஷன் பக்கத்து பப்புக்குள் நுழையாதே.

அதோடு ஒன்று. பார்ன்ஸ்லி அணியில் விமல் யோகநாதன் என்று எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருவர் இருக்கிறார், வேல்ஸில் வளர்ந்தவர். 2023 இல் அவர் பார்ன்ஸ்லிக்காக இறங்கியபோது, இங்கிலாந்தில் தொழில்முறையாக விளையாடும் முதல் தமிழர் என்று இங்குள்ள தமிழ்ச் சனம் முழுக்கப் பேசியது. அன்று அவர் இறங்கி, எங்கள் பக்கமாகப் பந்தைக் கொண்டு ஓடி வந்தால் நான் என்ன செய்வேனோ எனக்கே தெரியாது. தங்கச்சி இப்போதே எச்சரித்துவிட்டாள்: "அம்மா, எதிரணிக்குக் கைதட்டினால் நான் உங்களைத் தெரியாத மாதிரி நிற்பேன்." நீ எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றால் நல்லது.

வடை கொண்டுவருகிறேன். உனக்கு வேறு ஏதாவது வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் சொல்லு, மிளகாய்த்தூள் இடிக்க நேரம் வேண்டும்.

அன்புடன்,
அம்மா