பால் ஊற்றும் பெண்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. உன் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே ராட்டர்டாமில் மகள், மருமகன் எல்லோரும் சௌக்கியம். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். அவன் திரும்பி வரும்வரை வீட்டில் சத்தமே இருக்காது.

சரி, உனக்குச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்த விஷயம் இது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தைப் பார்த்துவிட்டேன். ஹாஸ்டல் அறையில் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருந்தோமே, அதுதான். ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம், அவ்வளவுதான். ஆனால் அதைவிட்டு நகர மனமே வரவில்லை.

முதலில் படத்தில் அவள் முன்னால் மேசைமேல் இருக்கும் ரொட்டியைத்தான் பார்த்தேன். மேலோட்டில் பொடிப்பொடியாக வெளிச்சப் புள்ளிகள். நிஜ ரொட்டி அப்படி மின்னாது. ஆனாலும் பசிக்கிறவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று தோன்றியது. வெர்மீர் 1675-இல் 43 வயதில் இறந்தபோது டெல்ஃப்ட் நகரத்து ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் 617 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) பாக்கி. வீட்டில் 11 பிள்ளைகள். அந்தக் கடனுக்கு ஈடாக அவர் மனைவி கத்தரீனா இரண்டு ஓவியங்களைக் கொடுத்தாராம். இவ்வளவு கடன் பிற்காலத்தில் வந்தது, இந்தப் படத்தை வரைந்தது 1660-ஐ ஒட்டி. இருந்தாலும் அது தெரிந்தபின் அந்த ரொட்டியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அந்தச் சுவர். நீ வரையும் திண்ணைப் படத்தில் பின்சுவர் வெறுமையாக இருக்கிறது, என்ன போட்டு நிரப்புவது என்று கேட்டிருந்தாயே. இங்கேயும் அவள் தலைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்தான். ஒரு ஆணி, அதன் நிழல், பழைய ஆணிகள் பிடுங்கிய ஓட்டைகள், அங்கங்கே கறை. 2022-இல் மியூசியத்து ஆராய்ச்சியாளர்கள் வண்ணத்துக்கு அடியில் ஸ்கேன் செய்து பார்த்ததில், அங்கே முதலில் ஜாடிகள் தொங்கவிடும் பலகை ஒன்று இருந்தது தெரிந்தது. கீழே மூலையில் ஒரு பிரம்புக் கூடையும் இருந்திருக்கிறது. இரண்டையும் வெர்மீரே தீட்டி மறைத்துவிட்டார். அந்தப் பலகை இருந்திருந்தால் நம் கண் மேலே போயிருக்கும். இப்போது அவள் முகம், முழங்கை, சாய்ந்த ஜாடி, பால் விழும் இடம் என்று நேராக இறங்குகிறது. அவளும் அதைத்தான் பார்க்கிறாள். நம்மை ஏறிட்டும் பார்ப்பதில்லை. சமையல்கட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு இத்தனை மரியாதை! அவள் இடுப்பில் கட்டியிருக்கும் ஏப்ரன் துணியின் நீலத்துக்கு அன்றைக்கு மிக விலை உயர்ந்த வண்ணங்களில் ஒன்றான லாபிஸ் என்ற நீலக்கல்லிலிருந்து எடுத்த நீலத்தைச் செலவழித்திருக்கிறார்.

அதனால் உன் சுவரில் எதையும் சேர்க்காதே. காரை பெயர்ந்த இடம் இருந்தால் அதை மட்டும் கவனமாகப் போடு. முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவேன், அப்போது நேரிலும் பார்க்கிறேன்.

அன்புடன்,
மீனா