டிசம்பரில் காணாமல் போகும் ஸ்டூல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் கடைகளில் அலைமோதும் கூட்டத்தைப் படம் பிடித்துப் போடுகிறீர்கள். அந்தப் படத்தில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்களில் நானும் ஒருத்தி. பெரிய கடையொன்றில் பில் போடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு ஸ்டூலைப் பற்றி.

மற்ற மாதங்களில் என் கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் உட்காரலாம். சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பார், ஆனாலும் உட்காரலாம். டிசம்பர் பிறந்ததும் அந்த இடத்துக்கு கிஃப்ட் பேப்பர் உருளைகளும் காலி அட்டைப்பெட்டிகளும் வந்துவிடும். ஸ்டூல் குடோனுக்குப் போய்விடும். வருஷத்திலேயே அதிக நேரம் நிற்க வேண்டிய மாதத்தில்தான் உட்கார ஒன்றும் இருக்காது.

மாலைக்குள் கணுக்கால் வீங்கிவிடும். செருப்பு வார் பதிந்த தடம் படுக்கப் போகும்வரை மறையாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என் இடத்தில் நிற்க யாராவது வர வேண்டும். வரிசை கதவுவரை நீண்டிருக்கும்போது யார் வருவார்கள்? அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம். சீசனுக்கென்று புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள்தான். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்து நேராகக் கூட்டத்தில் இறக்கிவிடுவார்கள். ஒரு பில்லை ரத்து செய்ய அந்தப் பிள்ளை தடுமாறும்போது, கூடவே ஓடிப்போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலை.

கூட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கூட்டம் வந்தால்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனால் பார்கோடு ஸ்கேன் ஆகாவிட்டால், "அப்போ இது இலவசம்தானே?" என்று கேட்பவர்கள் ஒரு நாளில் எத்தனை பேர் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் அது புது ஜோக். நானும் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்பதுபோல் சிரிக்கிறேன். தலையில் எலாஸ்டிக் இறுக்கும் சிவப்புத் தொப்பி, காதில் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வரும் அதே பாட்டுகள். இருபத்தைந்தாம் தேதியோடு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அடுத்த நாளே, பில் இல்லாமல், பெட்டியும் பிரித்து, "மாத்திக் கொடு" என்று வருவார்கள். விதியை எழுதியது நிர்வாகம், திட்டு வாங்குவது நாங்கள்.

இந்த ஸ்டூல் விஷயம் இன்று நேற்று வந்ததல்ல. கடைகளில் மூன்று பெண் பணியாளர்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டனில் 1899-இலேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று பேருக்கு ஒன்று என்பதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது, ஆனாலும் அது சட்டம். நம் பக்கத்தில் கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தன. தமிழ்நாட்டுச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்தார்கள். பெண்களுக்கு மட்டுமல்ல, எல்லாப் பணியாளர்களுக்கும். ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு டிசம்பரில் மட்டும் தூக்கி வைத்தால் அது எந்தக் கணக்கில் சேரும்?

"கடை ஊழியர்களிடம் அன்பாக இருங்கள்" என்று சீசன் வந்தால் பலரும் அறிவுரை சொல்கிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்பான வார்த்தையில் உட்கார முடியாது. அடுத்த வார ஷிஃப்ட் என்னவென்று முந்தின நாள் இரவு போனில் வந்தால், வீட்டில் குழந்தையை யாரிடம் விடுவது என்று அந்த நேரத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஷிஃப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டுங்கள். ஸ்டூலை அதன் இடத்திலேயே விடுங்கள். அதற்கப்புறம் சாக்லேட் பெட்டி கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

இதைச் சூப்பர்வைசரிடம் சொல்லாமல் பத்திரிகைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் 1891-இல் கடைக்குப் போகும் பெண்களே ஒரு சங்கம் வைத்து, பணியாளர்களை ஒழுங்காக நடத்தும் கடைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். 'வெள்ளைப் பட்டியல்' என்று பெயர். கிறிஸ்துமஸ் சாமான்களைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே வாங்குங்கள் என்றும் அந்த இயக்கத்தார் பிரசாரம் செய்தார்கள். கடைக்காரர் காதில் பணியாளர் சொல்வது ஏறாவிட்டாலும் வாங்க வருபவர் சொல்வது ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே உங்கள் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த டிசம்பரில் பில் போட நிற்கும்போது கவுன்டருக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றால், பில் போடும் பெண்ணிடம் கேட்க வேண்டாம், அவளுக்குத் தர்மசங்கடம். மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பில் கவுன்டர் பணியாளர்
(வேலை போய்விடும், பெயர் போட வேண்டாம்)