அசல் கோப்புகள் எங்கே இருக்கின்றன?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அஞ்சலில் போட்டால் நாளாகும் என்பதால் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அதற்காக மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகாதே. கடிதம்தான்.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சித்தப்பா மறுபடியும் அந்தப் பழைய விவகாரத்தைக் கிளப்பியிருக்கிறார். நேரில் வரும்போது சொல்கிறேன், எழுத்தில் வேண்டாம். மாடியறைச் சன்னலைச் சரிசெய்தாகிவிட்டது. செய்தி அவ்வளவுதான்.

உன் இன்ஸ்டாகிராம் பக்கம் காலியாக இருக்கிறது. முதலில் என் ஃபோனில்தான் ஏதோ கோளாறு என்று அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் ஃபோனிலும் அப்படியேதான் இருக்கிறது. மேலே உன் பெயர் இருக்கிறது, வட்டத்துக்குள் அந்தப் பழைய முகம் இருக்கிறது, கீழே ஒரு படமும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. உன் பக்கம், உன் படங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அசல் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா?

நீ நீக்கினாயா, நீக்காமல் மறைத்துவைக்கும் ஆர்க்கைவில் போட்டாயா என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஆர்க்கைவ் செய்திருந்தால் கவலையில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பக் கொண்டுவரலாம். நீக்கியிருந்தால் ‘சமீபத்தில் நீக்கியவை’ பகுதியில் 30 நாள் வரைதான் இருக்கும், அதன் பிறகு போய்விடும். கணக்குப் பார்த்துக்கொள். திரும்பப் போடச் சொல்லவில்லை. கையில் இருக்கட்டும் என்கிறேன்.

கையில் இருந்தாலும், அங்கிருந்து இறக்கிக்கொள்ளும் படம் நீ எடுத்த படம் ஆகாது. உன் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000. இன்ஸ்டாகிராமிலிருந்து நீ திரும்பப் பெறுவது 1080க்கு 1350. ஒன்றரை மெகாபிக்சல்கூட இல்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்து அச்செடுத்தால் அகலம் 3.6 அங்குலம் வரும். பர்ஸில் வைத்துக்கொள்ளலாம், சுவரில் மாட்ட முடியாது. அதனால்தான் அசல் அசல் என்று உயிரை எடுக்கிறேன்.

ரா கோப்புகளைத்தான் சொல்கிறேன், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை. ‘இவ்வளவு பெரிய கோப்பை யார் சேர்த்துவைப்பது’ என்று முதலில் நீதான் சிரித்தாய். பிறகு ரயில் சன்னல் படத்தில் அந்தப் பையனின் முகம் இருளில் மூழ்கிப்போனபோது, ராவிலிருந்து முகத்தை வெளியே கொண்டுவந்தவளும் நீதான். சாதாரணமாகப் பகிரும் ஜேபெக் படத்தில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. இருட்டாகத் தெரிகிற இடத்தில் ஒன்றுமில்லை என்று தோன்றும். உள்ளே எல்லாம் இருக்கும், தூக்கிவிட ஆள் வேண்டும், அவ்வளவுதான். அன்று இரவு நீ ஃபோன் செய்து கத்தியதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

லேப்டாப்பில் மட்டும் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே. லேப்டாப்பில் இருப்பது பேக்கப் ஆகாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறொரு இடத்தில். புகைப்படக்காரர்கள் எல்லோரும் சொல்கிற கணக்கு இது. வேறொரு இடம் என்றால் நம் வீடு இருக்கிறது. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டு நீயே எடுத்துக்கொண்டு வா. உன் அறையில் மேசை இழுப்பறை காலியாகத்தான் இருக்கிறது.

மெமரி கார்டிலிருந்தும் அழித்துவிட்டாய் என்றால் பதறாதே. அந்தக் கார்டை அப்படியே எடுத்து வைத்துவிடு. புதிதாக ஒரு படமும் எடுக்காதே. அழித்த உடனே படம் போய்விடுவதில்லை; அந்த இடம் காலி என்று கார்டு குறித்துக்கொள்கிறது. மேலே வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வாய்ப்பு உண்டு. அதற்கான மென்பொருள்கள் இருக்கின்றன, நானே செய்து தருவேன். இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படி.

அம்மாவுக்கு ஒரு பஸ் நிலையத்தின் படம் அனுப்பினாயே, அதைப் பற்றியும் பேச வேண்டும். டாக்குமெண்டாக அனுப்பியிருந்தாய். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், கேமரா உள்ளே எழுதிவைத்த விவரங்களையும் கழற்றிவிடும். டாக்குமெண்டாக வந்தால் எல்லாம் அப்படியே வந்து சேரும். அதனால் பார்த்தேன். வேவு பார்க்கவில்லை, எந்தப் படம் கைக்கு வந்தாலும் அந்த விவரங்களை, அதாவது எக்ஸிஃபை, பார்ப்பது என் புத்தி என்று உனக்கே தெரியும். ஷட்டர் திறந்திருந்தது 30 விநாடி, லென்ஸ் துவாரம் எஃப் 11, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100. நல்ல தேர்வு. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டு போகாமல் பொறுமையாக எடுத்திருக்கிறாய். ஒவ்வொரு விளக்கும் கூர்கூராகக் கிளை விட்டிருக்கிறது. ஈரத் தரையில் மஞ்சள் வெளிச்சம் நீளமாக வழிந்திருக்கிறது. இடது ஓரம் கடைசி பெஞ்சில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு துணிப்பை. பெரிதாக்கிப் பார்த்தால் அதன் கைப்பிடியில் தையல் பிரிந்து ஒரு நூல் தொங்குவதுகூடத் தெரிகிறது. டிரைபாட் வாங்கிவிட்டாயா? இல்லாவிட்டால் எதன் மேலாவது வைத்து இரண்டு விநாடி டைமரில் எடுத்திருப்பாய். எப்படியோ, கை படாத கூர்மை.

ஆனால் படத்தில் ஆளே இல்லை. 30 விநாடி திறந்து வைத்தால் நடந்துபோகிறவர்கள் பதியமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் பாரிஸில் ஒரு வீதியைப் படமெடுத்தார். சில நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டியிருந்த காலம் அது. போக்குவரத்து நிறைந்த வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. நின்ற இடத்தில் நின்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவரும், போட்டுவிட்டவரும் மட்டும் பதிந்துவிட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன்: அங்கே ஆள் நடமாட்டம் இருந்து படத்தில் விழாமல் போனதா, அல்லது உண்மையிலேயே யாரும் இல்லையா?

எடுத்த நேரம் 3:10 என்று இருக்கிறது. வெளியே இருட்டு, ஆகவே பிற்பகலாக இருக்க முடியாது. கேமராவின் கடிகாரத்தை ஒருமுறை சரிபார். உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டால் கடிகாரம் மறந்துபோகும். ஆனால் அப்போது தேதியும் சேர்ந்து போய்விடும், தேதி சரியாகத்தான் இருக்கிறது. நேர மண்டலம் மாறியிருக்கலாம். எதற்கும் பார். இடம் பதிவாகவில்லை. அது நல்லதுதான், முன்பின் தெரியாதவர்கள் கையில் அந்த விவரம் போகக்கூடாது. இருந்தாலும் எந்தப் பஸ் நிலையம் என்று அம்மாவிடமாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இரவில் எடுக்கப் போனால் தனியாகப் போகாதே. வ்யூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்தவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம் வானம் நீலமாக இருக்கும். விளக்குகளும் எரியும், வானமும் கறுத்துப்போயிருக்காது. இரவுப் படம் வேண்டுமென்றால் அந்த நேரமே போதும். எடுத்துவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடலாம்.

கதவருகே அம்மா நிற்கும் படத்துக்குக் கீழே நான் எழுதியது சரியில்லை என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. குவியம் மூக்குக்கண்ணாடியின் விளிம்பில் விழுந்திருக்கிறது, கண்ணில் விழவில்லை என்று எழுதினேன். அது உண்மை. துவாரத்தை எஃப் 1.8 வரை அகலமாகத் திறந்தால் அவ்வளவு கிட்டத்தில் கூர்மையாக இருப்பது சில சென்டிமீட்டர் ஆழம்தான், எஃப் 2.8 வைத்திருந்தால் இரண்டும் அகப்பட்டிருக்கும். நான்கு பேர் பார்க்கிற இடத்தில் எழுதியிருக்க வேண்டாம் என்கிறாள். இருக்கலாம். அடுத்தமுறை தனியாக எழுதுகிறேன். ஆனால் அதே படத்தை 8க்கு 12 அங்குலத்தில் அச்செடுத்துக் கூடத்தில் மாட்டியிருப்பது யார் என்பதையும் அவள் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்கமாட்டாள். அத்தை வந்தபோது ‘எந்த ஸ்டுடியோவில் எடுத்தீர்கள்’ என்று கேட்டாள். ‘நம் பாப்பாதான், இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள்’ என்றேன். அடக்கத்துக்காகச் சொன்னது. அத்தை போகும்வரை அந்தப் படத்துக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றின் பெரிய கோப்பை நீ தனியாக அனுப்பியிருந்ததால் முடிந்தது. மற்றவை என்னிடம் இல்லை. அசல்கள் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவும் காரணம்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் லைக் விழாவிட்டால் படத்தை எடுத்துவிடுவேன் என்று ஒருமுறை சொன்னாய். அப்போதே சொல்ல நினைத்தேன், விருந்தாளிகள் இருந்தார்கள். 2016 வரை அங்கே படங்கள் நேர வரிசையில் வந்தன. பிறகு யாருக்கு எதை முதலில் காட்டுவது என்று கணிப்பொறி முடிவு செய்ய ஆரம்பித்தது. உன்னைப் பின்தொடர்கிறவர்களில் எத்தனையோ பேரின் திரையில் உன் படம் வந்திருக்கவே இல்லை. பார்க்காதவன் எப்படி லைக் போடுவான்? அதை வைத்து ஒரு படத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா? 2021இலிருந்து லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதி இருக்கிறது. மறைத்துவிடு. நீ போட்ட படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சைக்கிள் நிழல். அதற்குப் பத்துப் பேர்கூட லைக் போடவில்லை. முதலில் காணாமல் போனதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

காட்டாமலே இருப்பதிலும் தவறில்லை. சிகாகோவில் விவியன் மேயர் என்று ஓர் அம்மையார், வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். லட்சத்துக்கும் மேல் படங்கள் எடுத்தார். பல ஃபிலிம் சுருள்களைக் கழுவக்கூட இல்லை. பெரும்பாலும் யாருக்கும் காட்டியதில்லை. 2007இல் அவர் பொருட்களைப் போட்டுவைத்திருந்த இடத்துக்கு வாடகை பாக்கி என்று எல்லாம் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 2009இல் அவர் இறந்துபோனார், தன் பெயர் பெரிதாவதைப் பார்க்கவில்லை. அவர் எதையும் அழிக்கவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். கடைசிவரை தனியாகவே இருந்தார். அது இங்கே தேவையில்லை.

யாராவது ஏதாவது எழுதியிருந்தாலும், அந்த யாராவது உன் அப்பாவாகவே இருந்தாலும், கோப்புகளின் மேல் கை வைக்காதே. பக்கத்தை மூடு, கணக்கையே மூடு, ஒன்றும் நஷ்டமில்லை. ஃபோல்டரைத் தொடாதே.

சரி, மறுபடியும் சொல்கிறேன். கார்டை எடுத்து வை. ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது பிரதி போடு. கடிகாரத்தைச் சரிபார், 3:10 சரிதானா என்று எனக்கு எழுது. சரி என்றாலும் எழுது. திட்டமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் செய்கிறேன். நீ எடுக்க வேண்டும். கேமராவைப் பற்றி மட்டும் பேசுவேன், வேறு எதுவும் கேட்கமாட்டேன். அம்மா கேட்பாள். அவளை நான் தடுக்கப் போவதில்லை.

அன்புடன்,
அப்பா