கூட்டு மருந்து பற்றித் தமிழில் ஒரு தாள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலிப்பு வரும்போது என் தம்பியின் உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் உறவினர்கள் எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் இன்னமும் உண்டு. சாவியால் பயனில்லை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல என்னால் முடிந்தது. ஆனால் வழக்கமான மாத்திரையோடு இன்னொன்றைக் கூட்டு மருந்தாக மருத்துவர் சேர்த்தபோது, அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் வலிப்பு கட்டுப்படுவதில்லை. அவர்களைப் போன்றோருக்கு லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின், லாக்கோசமைடு போன்ற ஒன்று கூட்டாகத் தரப்படுகிறது. இத்தகைய மருந்துகளை ஆராய்வோர் பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வது, வலிப்பின் எண்ணிக்கை பாதியாகவாவது குறைகிறதா என்பதையே. முற்றாக நின்றுபோவது சிலருக்குத்தான். இது தெரியாததால், முதல் மாதத்தில் மூன்று முறை வலிப்பு வந்ததும் அம்மா புது மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

லெவெடிராசிட்டம் தொடங்கிய பின் தம்பி தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். சோற்றுத் தட்டைச் சற்று நகர்த்தி வைத்ததற்குக்கூடக் கத்தினான். நான் அவனோடு இரண்டு வாரம் பேசவில்லை. அம்மருந்து சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் தரும் என்று மருந்தாளர் ஒருவர் சொன்ன பிறகே மருத்துவரிடம் போனோம். என் தம்பியிடம் நான் காட்டிய கடுமையை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

அதன்பின் சமையலறை நாள்காட்டியில் வலிப்பு வந்த நேரம், நீடித்த நிமிடம், முந்தின இரவின் தூக்கம், தவறிய வேளை மாத்திரை எல்லாவற்றையும் குறிக்கத் தொடங்கினேன். தைப்பூசத்துக்காக இரவெல்லாம் கண்விழித்துத் தண்ணீர்மலைக்கு நடந்ததற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிப்பைக் குறிக்கும் சிவப்பு வட்டங்கள் இருந்தன. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பழியை மருந்தின்மேல்தான் போட்டிருப்போம்.

எந்த மருந்தோடு எது சேர்கிறது என்பதும் முக்கியம். ஏற்கெனவே வால்புரோயேட்டு என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடுபவருக்கு லாமோட்ரிஜினை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும்; அவசரப்பட்டால் தோலில் கடுமையான தடிப்பு உண்டாகலாம்.

வீட்டில் வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் என் அம்மாவைப் போல் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள். ஆகவே கூட்டு மருந்து எழுதித் தரப்படும் நாளிலேயே, அதன் நோக்கம், அளவைக் கூட்டும் முறை, கவனிக்க வேண்டிய பக்கவிளைவுகள், நிறுத்தக் கூடாத காரணம் ஆகியவற்றைத் தமிழில் ஒரே ஒரு தாளில் அச்சிட்டு மருந்துப் பொட்டலத்தோடு தருமாறு மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்காள்,
ஜெலுத்தோங், பினாங்கு