பருவ இறுதிக் கடிதம்: ஏழாம் வகுப்பின் விமானங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். இன்னொரு பருவம் முடியப் போகிறது. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது, பேச்சுப் போட்டியிலும் ஓவியப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்திருக்கின்றன. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டை கடைசி நாளன்று கைக்கு வந்துவிடும்.

சரி, நான் எழுத உட்கார்ந்ததே ஏழாம் வகுப்பின் மாடல் விமானங்களுக்காகத்தான்.

பருவத் தொடக்கத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிட், அதாவது பாகங்களை ஒட்டி மாடல் கட்டும் பெட்டி, கொடுத்தோம். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர், 1/72 அளவு. பிள்ளைகள் கையில் போர் விமானம் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சின்னப் பெட்டிக்குள் கணக்கு, அறிவியல், வரலாறு மூன்றும் இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். நிஜ விமானத்தின் இரு இறக்கை நுனிகளுக்கும் இடையே 11.23 மீட்டர், அதை 72-ஆல் வகுத்துவிட்டு, வந்த 15.6 சென்டிமீட்டர் மாடலிலும் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்த அன்று வகுப்பில் எழுந்த சத்தம் என் அறை வரை கேட்டது. இறக்கை ஏன் நீள்வட்டமாக இருக்கிறது என்பதற்கு ஒரு முழு வகுப்பு போனது: காற்றின் இழுவை குறைகிறது, இறக்கை மெல்லிசாக இருந்தாலும் உள்ளே துப்பாக்கிகளுக்கும் மடங்கும் சக்கரங்களுக்கும் இடம் கிடைக்கிறது. அதை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல் 1937-லேயே இறந்துபோனார், 1940-இல் பிரிட்டனின் வானத்தில் நடந்த சண்டையை அவர் பார்க்கவேயில்லை என்று ஆசிரியர் சொன்னபோது யாரும் பேசவில்லையாம். அந்தச் சண்டையில் எத்தனை இளைஞர்கள் திரும்பி வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

உடலையும் இறக்கைகளையும் இங்கேயே ஒட்டி முடித்தார்கள். வண்ணம் மட்டும் வீட்டில் பூசட்டும் என்று விடுமுறைக்குக் கொடுத்து அனுப்பினோம். திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை.

பாதிக்கு மேல் பெரியவர்கள் கை. காற்றழுத்தத்தில் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் பூசிய பச்சையும் மண்நிறமும் ஒன்றோடொன்று புகை போலக் கலந்திருக்கின்றன, காக்பிட்டுக்குள் நூலிழை மாதிரி சீட் பெல்ட், வயிற்றுப்பகுதியில் எண்ணெய் வழிந்த கறைகூட இருக்கிறது. ஒரு பெட்டியில் இங்கிருந்து போனது 1/72 விமானம், திரும்பி வந்தது 1/48! புதிதாகக் கிட் வாங்கி முதலிலிருந்து கட்டியிருக்கிறார்கள். வேலைப்பாடு அருமை, அதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த மாடலைக் கொண்டுவந்த பையனிடம், "டீகால் ஒட்டுவதற்கு முன்னால் ஏன் பளபளப்பு வார்னிஷ் அடிக்கிறோம்?" என்று ஆசிரியர் கேட்டார். டீகால் என்பது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய சின்னப் படம். சொரசொரப்பான மேட் பெயின்ட்டின் மேல் அதை நேராக ஒட்டினால் அடியில் காற்று தங்கி, வெள்ளி பூத்த மாதிரி தெரியும், அவ்வளவுதான் பதில். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா ராத்திரி பண்ணாங்க மிஸ், நான் எந்திரிச்சப்ப முடிஞ்சிருந்துச்சு" என்றான்.

எனக்கு இரண்டு நாளாக அந்தக் குரல்தான் காதில் இருக்கிறது.

அதே மேசையில் இன்னொரு விமானம். இடது இறக்கையின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, பிளாஸ்டிக்கிலேயே பதிந்துவிட்டது. பிளாஸ்டிக் கிட்டுக்கான திரவப் பசை மற்ற பசை மாதிரி வெறுமனே ஒட்டாது, இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். அந்தப் பெண் இறக்கையை அழுத்திப் பிடித்தபோது இணைப்பில் இருந்து பசை கசிந்து விரலுக்கடியில் போயிருக்கிறது. பதறிப்போய்த் துடைத்திருந்தால் மொத்தமும் இழுபட்டிருக்கும். அவள் தொடாமல் இரண்டு நாள் காய விட்டு, 400 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, அப்புறம் 800 போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர் என்னும் அடிப்பூச்சு பூசி, மறுபடி பார்த்து, மறுபடி தேய்த்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ரேகை இன்னும் லேசாகத் தெரிகிறது, எங்கே என்று அவளே காட்டினாள். காக்பிட்டின் கண்ணாடி மூடியை ஏன் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டவில்லை என்று நான் கேட்டதற்கு, "அதோட ஆவி பட்டா கண்ணாடி வெள்ளையாப் பூத்துடும் மிஸ், அதனால வெள்ளைப் பசை" என்று யோசிக்காமல் பதில் வந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனாலும் பக்கத்து மேசை விமானங்களைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைப் பெட்டிக்குள் வைத்து மூடப் போனாள். நான்தான் தடுத்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை தடுமாறும்போது கை தானாக நீளும், ஷூ லேஸ் கட்டிவிடுவது மாதிரிதான். வேலையிலிருந்து களைத்து வந்து, நள்ளிரவு வரை உட்கார்ந்து மாஸ்கிங் டேப் வெட்டியிருக்கிறீர்கள் என்றால் அது பாசம், வேறென்ன.

ஆனால் சில விஷயங்களை நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் கட்டிய, வண்ணம் பூசிய விமானங்கள் மாணவர் கண்காட்சி மேசைக்கு வராது. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது, தயவுசெய்து தொலைபேசியில் கேட்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குப் புது கிட் கொடுத்துவிட்டோம், பள்ளி நேரத்திலேயே செய்யட்டும், நாள் குறைவுதான், முடிந்தவரை முடித்தால் போதும். இனி எந்த விமானமும் கண்காட்சி முடியும்வரை வீட்டுக்கு வராது. இன்னொன்று, போன வாரம் மூன்று புத்தகப் பைகளில் மாடல் கத்தி இருந்தது, ஒன்றில் ஸ்ப்ரே டின். கத்தி, ஸ்ப்ரே, திரவப் பசை எதையும் பையில் போட்டு அனுப்பாதீர்கள். பாகங்களை வெட்டியெடுக்கச் சின்ன கட்டர் இங்கே இருக்கிறது, பசையை ஜன்னல்கள் திறந்திருக்கும் அறையில் ஆசிரியர் கண்ணெதிரேதான் பயன்படுத்துகிறோம். ஒரு கத்தி வெட்டினால் நான் என்ன பதில் சொல்வேன்?

பிரஷ்ஷில் பூசிய கோடு தெரிந்தால் தெரியட்டும். கெட்டியாக ஒரே தடவை அப்பாமல், நீர்க்கப் பூசி, காய விட்டு, மேலே இன்னொரு பூச்சு என்று அவர்களே கற்றுக்கொள்கிறார்கள். டீகாலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் ஊறவைத்து நகர்த்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், பார்க்கவே அழகு. 1940 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனில் ஸ்பிட்ஃபயர் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்த பிறகு, வேலையைப் பிரித்துக் கார் பட்டறைகளிலும் பஸ் டிப்போக்களிலும் வைத்துச் செய்தார்கள், அதுவரை விமானத்தையே தொடாத எத்தனையோ பெண்கள் அங்கே ரிவெட் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு மாணவன் தேடிப் படித்துவந்து சொன்னான். அவன் விமானத்தில் ஒரு சக்கரம் கோணல். அது அப்படியே மேசையில் நிற்கும்.

நீங்கள் செய்த விமானங்களை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவற்றுக்கென்று அரங்கின் நுழைவாயிலில் தனி மேசை போடுகிறோம், செய்தவர் பெயரோடு. ஒருநாள் மாலை வந்து ஏர்பிரஷ் எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டவும் உங்களில் சிலரை அழைக்கப் போகிறேன், மறுக்காதீர்கள்.

வண்ணம் கலக்கப் பழைய பாட்டில் மூடிகள், மேசையில் விரிக்கச் செய்தித்தாள்கள், தூசி தட்டப் பழைய டூத்பிரஷ் என்று கேட்டதையெல்லாம் அனுப்பிவைத்தீர்கள், ரொம்ப நன்றி. மூடிகள் மட்டும் இன்னும் ஒரு இருபது தேவைப்படும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்