ரெஃபர் சீட்டில் ஒரு தேதியும் எழுதுங்கள்

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) கார்ப்பரேஷன் அதிகாரிகளுக்கும், மாநில அரசில் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதினால் "அது அவங்க பொறுப்புங்க" என்று பதில் வரும், இதைப் பல தடவை கேட்டாகிவிட்டது.

நான் கொங்குப் பக்கம் ஒரு சின்ன பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். ஆட்களுக்குப் பிடித்தம் போடுவது, சலான் கட்டுவது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஐ.பி. நம்பர் (காப்பீட்டு எண்) எடுப்பது, குழந்தை பெயரைச் சேர்ப்பது, அப்புறம் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த கவுன்டரில் போய் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது, எல்லாம் என் தலையில்தான். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பதினைந்தாயிரம் சம்பளக்காரர் ஒருவர் பெயரில் மாதம் 600 ரூபாய் உங்களிடம் வந்து சேருகிறது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, நாள் கணக்குப் போட்டு. இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தேதி என்றால் தேதிதான். ஆனால் அந்தக் கறார் எல்லாம் காசு வாங்கும் பக்கத்தில் மட்டும்தானா? நெஞ்சு வலி என்று வருகிறவரை இதய டாக்டர் எத்தனை நாளைக்குள் பார்க்க வேண்டும் என்று உங்கள் டிஸ்பென்சரியில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லையே. சீட்டிலும் இல்லை, சுவரில் ஒட்டிய நோட்டீசிலும் இல்லை.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இ.எஸ்.ஐ.யில் நேராக நிபுணரிடம் போக முடியாது. முதலில் அவரவர் பகுதி டிஸ்பென்சரி. அங்கே டாக்டர் பார்த்து ரெஃபர் சீட்டு எழுதிக் கொடுத்தால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. அங்கேயும் அந்த வைத்தியத்துக்கு வசதி இல்லை என்றால்தான் டை-அப், அதாவது ஒப்பந்தம், போட்டிருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கு லெட்டர். இதயம், சிறுநீரகம், நரம்பு, புற்றுநோய் என்று பெரிய சமாச்சாரம் எல்லாம் பெரும்பாலும் அந்த மூன்றாவது படியில்தான் நடக்கிறது. படிப்படியாகப் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் தலைவலிக்கே நரம்பு டாக்டரிடம் போய் நின்றால் அவர் யாரைத்தான் பார்ப்பார்? சிக்கல் படியில் இல்லை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் அந்த நோயாளியை யாருமே கையில் வாங்கிக்கொள்வதில்லை.

எங்கள் கம்பெனியில் பிரஸ் ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ போட மாட்டேன், போட்டால் அங்கே கவுன்டரில் இருக்கும் ஒரு நர்சம்மாவுக்கு மெமோ போவதோடு விஷயம் முடிந்துவிடும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இடது தோள் இழுத்துப் பிடிக்கிறது என்று டிஸ்பென்சரிக்குப் போனார். டாக்டர் நல்லவர், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார். அங்கே போனால் ஜெனரல் மெடிசின் ஓ.பி.யில் பார்த்துவிட்டு "இ.சி.ஜி. எடுத்திருக்கு, எக்கோ எடுக்கணும், எக்கோ பார்க்கிற டாக்டர் வாரத்துல இந்தக் கிழமைதான்" என்றார்கள். அந்தக் கிழமை போனால் அவர் லீவு. எக்கோ எடுத்து முடித்ததும் டை-அப் லெட்டர் போட வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி மீட்டிங்கில். லெட்டர் வந்த பிறகு அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல கன்சல்டேஷன்னுதான் போட்டிருக்கு, ஆஞ்சியோவுக்குத் தனியா எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி முதல் கவுன்டர். அதற்குள் முன்னே வாங்கிய லெட்டருக்குக் காலாவதி. கடைசியில் அவர் மனைவி தோட்டை அடகு வைத்து வெளியில் ஒரு டாக்டரிடம் ஆஞ்சியோ எடுத்துக்கொண்டார்கள். பில்லை எங்களிடம் கொண்டு வந்தார், திரும்பக் கிடைக்குமா என்று. அவசரத்துக்குப் போனதாக இருந்தால் கேட்கலாம், இது அவசரம் என்று யாரும் எழுதித் தரவில்லையே அண்ணா என்று நான்தான் சொல்ல வேண்டி வந்தது.

இந்தக் கதையில் யாரும் கெட்டவர் இல்லை, கவனியுங்கள். ஒவ்வொருவரும் தன் மேஜை வேலையைச் செய்துவிட்டார்கள். மேஜைக்கும் மேஜைக்கும் நடுவில் காகிதத்தைச் சுமந்து போகிற தபால்காரர் வேலை மட்டும் நெஞ்சு வலிக்காரருக்கு.

போகிற ஒவ்வொரு நாளும் சம்பளம் கட். "அதுக்குத்தான் சிக்னெஸ் பெனிஃபிட் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை, நல்ல விஷயம்தான். ஆனால் டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுத்தாலும் முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது என்பது உங்கள் விதி. முந்தைய தடவை படுத்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை. நிபுணருக்காக அலைகிறவர் எப்படி லீவு போடுகிறார்? இந்த வாரம் ஒரு நாள், அப்புறம் மூன்று வாரம் கழித்து ஒரு நாள். அப்படி எடுக்கும் லீவு எல்லாம் துல்லியமாக அந்தக் காசில்லாத நாளிலேயே போய் விழுகிறது. படுத்துக் கிடந்தால் காசு உண்டு, படுக்காமல் இருக்கப் பார்க்கிறவருக்கு இல்லை. இதை யோசித்து வைத்தார்களா, தானாக அமைந்ததா என்று எனக்குப் பல நாள் சந்தேகம்.

சரி, முதல்வர் காப்பீட்டில் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பதினைந்தாயிரம் வாங்குகிறவருக்கு வருடம் 1,80,000 ஆகிவிடுகிறது. விதிப்படி அந்தக் கதவு சாத்தியாச்சு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவரை நீங்கள் கட்டாயமாகச் சேர்க்கிறீர்கள், விலகிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவும் முடியாது. அப்படி இருக்கும்போது "அரசாங்க ஆஸ்பத்திரின்னா கொஞ்சம் பொறுத்துத்தான் போகணும்" என்று கவுன்டரில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இது யாரும் போடுகிற பிச்சை இல்லை, அவர் சம்பளச் சீட்டில் வரியாக அச்சடித்திருக்கும் காசு.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் வைத்தியச் செலவு என்று உச்ச வரம்பு கிடையாது, இந்த மாதிரி வேறு எந்தக் காப்பீட்டில் இருக்கிறது? எங்களிடம் வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் அவர் கையில் இருந்து காசு போகாமல் நடந்தது, இன்று நன்றாக இருக்கிறார். 1955இல் கோவையில் இந்தத் திட்டம் தமிழ்நாட்டுக்குள் வந்த நாளில் இருந்து எத்தனை மில் தொழிலாளர் குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும். அதனால்தான் கோபம். உள்ளே போய்விட்டால் வைத்தியம் கிடைக்கிறது, உள்ளே போவதற்குத்தான் உயிர் போகிறது. அந்த அக்காவும் ஒவ்வொரு தடவை கீமோவுக்கும் புது லெட்டர் வாங்க, வாந்தியோடும் மொட்டைத் தலையில் துண்டோடும் வரிசையில் நின்றவர்தான்.

மருத்துவச் செலவில் எட்டில் ஏழு பங்கு கார்ப்பரேஷன், ஒரு பங்கு மாநில அரசு என்று பிரித்துக்கொள்கிறீர்கள். டை-அப் ஆஸ்பத்திரிக்கு பில் பாக்கி என்றால் அந்தப் பங்குச் சண்டையும் கடைசியில் நோயாளி காதில்தான் விழுகிறது, "பழைய பாக்கியே வரல, புது கேஸ் எடுக்கல" என்று ரிசப்ஷனில் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கை நீங்கள் உங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளுங்கள், எந்த ஆஸ்பத்திரி இந்த மாதம் நோயாளியை எடுக்கும் என்பதை லெட்டர் போடுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நான் கேட்பது புது ஆஸ்பத்திரி இல்லை, புது ஆப்பும் இல்லை. இருக்கிற ஆப்பில் ஓ.பி. டோக்கன் போட்டுவிட்டுப் போனவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ரெஃபர் சீட்டு எழுதும்போதே, எந்த டாக்டர், எந்தத் தேதி, எத்தனை மணி, என்னென்ன ரிப்போர்ட் வேண்டும், அந்த டாக்டர் அன்று லீவு என்றால் எந்த நம்பரில் சொல்வார்கள், இவ்வளவையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியை அடுத்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குவது டிஸ்பென்சரியின் வேலையாக இருக்கட்டும். குறித்த நாளுக்குள் பார்க்க முடியவில்லை என்றால் டை-அப் லெட்டர் தானாக வரட்டும், யாரும் கெஞ்சாமல். அன்றைய நாளுக்கு வந்து போனதற்கான சர்ட்டிஃபிகேட்டும், அதற்கு முதல் நாளில் இருந்தே காசும் கொடுங்கள்.

இதற்கெல்லாம் டெல்லியில் கோப்பு நகர வேண்டும் என்றால் நகரட்டும், அதுவரைக்கும் உங்கள் கையிலேயே இருக்கும் ஒன்றைச் செய்யலாம். டயாலிசிஸ், கீமோவில் இருப்பவர்களின் லெட்டரைப் புதுப்பிக்க அவர்களையே வரச் சொல்லாதீர்கள். கம்பெனியில் இருந்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், எந்த ஃபார்மில் யார் கையெழுத்து வேண்டும் என்று மட்டும் டிஸ்பென்சரி வாசலில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு கம்பெனியின் கணக்கர்